மைக்கைப் பொத்திய கை

1996 தைப்பொங்கல். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்து மண்டபத்தில் விழா தொடங்க இருந்தது. ஒலியமைப்பாளர் அருளம்பலம் பாடுபவருக்குக் கேட்பதற்காக மேடையில் வைத்த மொனிட்டர் ஸ்பீக்கரை மூன்று தரம் திருப்பி வைத்தும் அது கூவுவதை நிறுத்தவில்லை.

"மைக்கின்ர தலையைப் பொத்தினால் கூவத்தானே செய்யும், தங்கச்சி. கையை எடும்," என்றார் எரிச்சலோடு.

"நான் தொடவேயில்லை, அண்ணை," என்றாள் பாட வந்த கேசிகா. அவள் இரண்டு கையாலும் பாட்டுக் கொப்பியைப் பிடித்திருந்தாள்.

அருளம்பலம் மேடையேறி, ஸ்டாண்டில் இருந்த மைக்கைத் தொட்டுப் பார்த்தார். அதன் தலையில் இருந்த கம்பி வலை உள்ளங்கைச் சூட்டோடு வியர்த்திருந்தது.

அவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஆரெண்டாலும் கையை எடுங்கோ. சனம் வந்திட்டுது."

கூவல் நின்றது. கேசிகா பாடி முடித்துக் கும்பிட்டாள். சபையின் கைதட்டல் ஓய்ந்த பிறகும், மொனிட்டரில் மட்டும், மைக்குக்கு மிக அருகில் ஒருவர் கைதட்டிக்கொண்டே இருந்தார்.