நெஞ்சு உயரத்தில் இரண்டு கண்கள்

சுதந்திரம் வந்த வருஷம் கப்பல் வேலைக்குப் போன துரை, வெகுநாள் கழித்து ராயபுரம் திரும்பியிருந்தான். நண்பன் பரசுராமனின் மனைவி பூவம்மாவை அன்றுதான் முதலில் பார்த்தான்.

"நான் கப்பல் ஏறுறதுக்கு மொத நாளு ராத்திரி, எண்ணூர்ல நரி வேட்டைம்மா. டார்ச் அடிச்சா, தூரத்துல ரெண்டு கண்ணு மின்னுது. 'சுடு மாமு'ன்றேன். உம் புருஷன் துப்பாக்கிய எறக்கிட்டான், பயந்தாங்கொள்ளி!"

"கண்ணு தெரிஞ்சா போதுமா? ஒடம்பு தெரிய வேணாவா? நரிக்குக் கண்ணு நெஞ்சு ஒசரத்துலயா கீது?" என்றான் பரசுராமன்.

"வந்துட்டாரு அளவெடுக்க! நான் கோவிச்சுகினு அப்பவே திரும்பிட்டேன். அப்பால இன்னாடா புட்ச்ச?"

பரசுராமன் சிரித்தான். பூவம்மாதான் பதில் சொன்னாள்.

"மின்னுனது ஆட்டுக்குட்டி கண்ணுண்ணா. தொலைஞ்சுபோன குட்டியத் தேடிப் புடிச்சு, மாரோட அணைச்சுகினு வந்தவ நான்தான்."