சேணம் இல்லாமல்

“டொக்டர், சேணம் போடாமல் ஏறி ஓடினால் குதிரைக்கு நோகுமோ?”

மிருக வைத்தியர் துசாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். மன்னாருக்கு வேலைக்கு வந்த ஒரு வருடத்தில் கால் முறிந்த கழுதை, வயிறு ஊதிய மாடு, நாய் கடித்த ஆடு என்று எல்லாம் பார்த்துவிட்டாள். குதிரை என்று இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

கதிரை நுனியில் இருந்தவர் பெயர் லோறன்ஸ். அறுபது வயதிருக்கும். தலைமன்னார்ப் பக்கத்துக் கரையோர ஊர்.

“ஏறுற ஆளைப் பொறுத்தது, ஐயா. மெல்லிய ஆள், கொஞ்சத் தூரம் எண்டால் தாங்கும். பாரமான ஆள் எண்டால் முழுப் பாரமும் ரெண்டே இடத்திலதான் அழுத்தும். சேணம் அந்தப் பாரத்தைப் பரப்பிவிடும். முள்ளந்தண்டிலயும் படாது.”

“அதுதான் பாருங்கோ! முள்ளந்தண்டுக்கு ரெண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்குத் தேஞ்சு போச்சு. நாளுக்கு நாள் கூடுது. வாற சனிக்கிழமை எங்கட திருநாள். ஊர்வலத்தில குதிரை போகவேணும்.”

“ஆரிட்டை எடுத்த குதிரை?”

“அருட்பிரகாசத்தார் போன மாசம் கொண்டுவந்து தந்தவர். முந்தி நிண்டது உள்ளுக்க அரிச்சு விழுந்திட்டுது.”

“நெடுந்தீவுக் குதிரையோ?”

“அங்கத்தைச் சாயல்தான்.”

“சரி, ஆர் இப்ப அதை ஓடுறது?”

லோறன்ஸ் வாசலைத் திரும்பிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. “நான் கண்ணால காணேல்லை. கதவைப் பூட்டித் திறப்பை மடியில வைச்சுக்கொண்டுதான் படுக்கிறனான். விடியப் பாத்தால் பூட்டு அப்பிடியே கிடக்கும். குளம்பில ஈர மண் இருக்கும். ஒருநாள் காலில கடற்பாசியும் சுத்திக் கிடந்தது.”

துசாந்தினிக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. மறுகணமே தன்மேல் கோபம் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், டொக்டருமா அரள்வது?

“வேற ஆரிட்டையோ இன்னொரு திறப்பு இருக்கு, ஐயா. பொலிசில சொல்லி நிப்பாட்டுவம்.”

“ஐயோ, நிப்பாட்டக் கூடாது!” லோறன்ஸ் எழும்பியே விட்டார். “என்ர மகன் மில்ரன் கடலுக்குப் போறவன். முந்தின குதிரை விழுந்த கிழமை மூண்டு வள்ளம் கரைக்கு வரேல்லை. அவர் ஓடட்டும், டொக்டர். குதிரைக்கு நோகாமல் ஒரு வழி சொல்லுங்கோ, அது காணும்.”

“அவரோ? அப்ப ஆளை உங்களுக்குத் தெரியும்!”

லோறன்ஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

துசாந்தினிக்கு விஷயம் விளங்கிவிட்டது. யாரோ பெரிய வள்ளச் சொந்தக்காரன். அவனுடைய வள்ளத்தில் மகன் தொழில் செய்கிறான். தகப்பன் வாய் திறந்தால் பிள்ளைக்கு ஆபத்து. வாயில்லாச் சீவனின் முதுகில் திமிர் காட்டுகிற அந்த மனிதனை நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாளில் சேணம் கீறிக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் தடித்த மெத்தை, நடுவில் முள்ளந்தண்டுக்கு இடைவெளி, வயிற்றுக்குக் கீழே ஒரு வார்.

“என்ர மனிசி செலீனா தைப்பா,” என்று தாளை மடித்துச் செபமாலையோடு சட்டைப்பைக்குள் வைத்தார் லோறன்ஸ்.

“நான் ஒருக்கா வந்து பாக்கிறன்.”

“வேண்டாம், டொக்டர். வராதேங்கோ!”

வேண்டாம் என்றால் விடுகிறவளா அவள்? வெள்ளிக்கிழமை விடியற்காலை, ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று ஸ்கூட்டரில் புறப்பட்டாள். இரவு முழுக்க அடித்த சோளகக் காற்று அப்போதும் அடங்கவில்லை.

ஊர்க் கரையில் லோறன்ஸ் கண்கலங்க நின்றார். அவளைக் கண்டதும் ஓடி வந்தார். “மில்ரன் வந்திட்டான், டொக்டர்! காத்தில திசை மாறிப் போனவங்கள். கரை நீளத்துக்கு வெள்ளையாய் ஒண்டு ஓடினதாம். அதைப் பாத்துத்தான் வள்ளத்தைத் திருப்பினவங்களாம். உங்கட சேணம் போட்டு இண்டைக்கு நாலு நாள். முதுகும் தேயேல்லை!”

“குதிரையை எனக்குக் காட்டுங்கோ, ஐயா.”

அவர் தயங்கினார். பிறகு கோயிலைச் சுற்றி அவளைக் கூட்டிப்போய், பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். வயல் ஊரில் பிறந்த துசாந்தினிக்கு இந்தக் கரையின் வழக்கங்கள் தெரியாது. உள்ளே பார்த்ததும் அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அங்கே நின்றது வேப்பமரத்தில் செதுக்கி வெள்ளை பூசிய குதிரை. சுவரோரம், நாளைத் திருநாளுக்கு அதில் ஏற்றவேண்டிய ஊரைக் காக்கும் புனித யாகப்பரின் சுரூபம், கையில் வாளோடு, கால்களை அகட்டியபடி வெறும் காற்றில் சவாரி செய்துகொண்டிருந்தது.

“அருட்பிரகாசம் ஆசாரி நெடுந்தீவுக்குப் போய்க் காட்டுக் குதிரையளைப் பாத்துச் செதுக்கினவர்,” என்றார் லோறன்ஸ். “அதுகளுக்குச் சேணம் ஏது? இதுக்கும் வைக்க மறந்திட்டார்.”

“மரத்துக்கு நோகுமோ, ஐயா?” என்று சிரித்தபடி, சேணத்தைக் கழற்ற அதன் அடியில் கையை விட்டாள் துசாந்தினி.

வெடுக்கென்று அவள் வெளியே இழுத்த கை சூடான வியர்வையில் நனைந்திருந்தது. விரல்களில் நாலைந்து வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது.