ஒரே வீட்டில் ஒரு வருசம்

"சட்டியில கை வைக்காதை, பிறேமா!" பாலாம்பிகை கத்தினாள்.

"அவர் பசியோட நிக்கிறார்..."

"நிக்கட்டும்! ஒரே வீட்டில இருந்தாலும், புருசனுக்குச் சமைச்சுப் போட்டால் சட்டப்படி பிரிஞ்சிருக்க வேண்டிய ஒரு வருசம் செல்லாதெண்டு ஜேர்மன் லோயர் சொன்னவரெல்லே? விவாகரத்துக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் கிடக்கு. பிள்ளையையும் வைச்சுக்கொண்டு திரும்ப அடிவாங்கப் போறியோ?"

பிறேமா கன்னத்துத் தழும்பைத் தடவினாள். அகப்பையைக் கீழே வைத்தாள்.

சிறீதரன் குசினிக் கதவை உதைத்துத் திறந்தான். "எங்கயடி என்ர சோறு?"

பாலாம்பிகை குறுக்கே போய் நின்றாள்.

அவன் குரல் இறங்கியது. "அம்மா, சட்டம் அவளுக்குத்தானே? என்னைப் பெத்த நீங்கள் போடலாந்தானே?"

"போடலாம். போடமாட்டன். எனக்கும் உனக்கும் பிரிவு இண்டைக்குத் தொடங்குது. வெளியால போடா!"