நடுப்பூ

ஜன்னலோரக் கேன்வாஸில் தீட்டிய குவளையில் மூன்று ரோஜாக்கள் தலை கவிழ்ந்து கிடக்கின்றன. எதிரே மேசையில், கண்ணாடிக் குவளையில், மூன்று ரோஜாக்கள் விறைப்பாக நிமிர்ந்து நிற்கின்றன. ஓவியம் வரைகிறவள் தூரிகையைப் பிடித்தபடி இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறாள். காலை வெளிச்சம் புது இதழ்களில் வழுக்கிக்கொண்டு போகிறது. வண்ணம் குழைத்த ஆளிவிதை எண்ணெயின் வாசனை அறையில் அசையாமல் நிற்கிறது. கதவருகில் அவள் கணவன், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு பாராட்டுக்காகக் காத்திருக்கிறான்.

“பழசு எங்கேங்க?”

“குப்பை வண்டியில போட்டாச்சு. வாடிப்போச்சேன்னு நாலு கடை ஏறி இறங்கி, அதே கலர்ல வாங்கிட்டு வந்திருக்கேன்.”

“அது வாடணும்னுதானே நாலு நாளா காத்துக்கிட்டு இருந்தேன்! நடுப்பூ இன்னும் பாதிகூட முடியலை.”

அவன் குவளையைப் பார்க்கிறான். “அதனால என்ன, இதுவும் வாடட்டும். பெயிண்ட் காய ஒரு வாரம் ஆகும்னு நீதானே சொன்னே?”

“ஒண்ணு வாடின மாதிரி இன்னொண்ணு வாடாதுங்க.”

அவள் தட்டையான கத்தியை எடுத்து, பாதியில் நின்ற நடுப்பூவைச் சுரண்டுகிறாள். காயாத சிவப்பு கத்தியின் விளிம்பில் சுருண்டு சுருண்டு ஏறுகிறது. வெறுமையான இடத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, புது ரோஜாவைக் கண்ணை இடுக்கிப் பார்க்கிறாள். பிறகு, வாடிய இரண்டுக்கும் நடுவே, நிமிர்ந்த காம்பு ஒன்றைத் தூரிகையால் வரைகிறாள்.

“ஒரே குவளையில இப்படிப் பூ இருக்குமா?” என்கிறான் அவன், மெதுவாக.

“உங்களை மாதிரி ஆள் இருக்கிற வீட்டுல இருக்கும்.”