கோலியர்ஸ் வுட் வேட்டைக்காரர்

"சுட்ட சூட்டோட ப்ரீசருக்குள்ள போட்டால் கதை முடிஞ்சுது, தம்பி!"

தில்லையம்பலம் தன் கோலியர்ஸ் வுட் வீட்டுக் கராஜில் நின்று, கரகரத்த குரலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பெரிய பெட்டி ப்ரீசரின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே பனி படர்ந்த பைகளில் பெசன்ட் என்ற காட்டுக்கோழி இனப் பறவைகள். ஒவ்வொரு பையிலும் கறுப்பு மார்க்கரால் 'தில்லையம்பலம் வேட்டை' என்று எழுதியிருந்தது. தேதியைவிடப் பெயர்தான் பெரிது.

"குளிரான இடத்தில நாலைஞ்சு நாள் கழுத்தில கட்டித் தொங்கவிட வேணும். அப்பதான் இறைச்சி மெத்தெண்டு வரும். பிறகு காத்துப் போகாமல் பையில சுத்தி, அதுக்குப் பிறகுதான் ப்ரீசர். வேட்டைக்காரனுக்குக் குறி மட்டும் போதாது, பொறுமையும் வேணும்."

வெம்பிளியிலிருந்து பறவை வாங்க வந்திருந்த பத்ரிநாராயணன் பயபக்தியோடு தலையாட்டினான்.

வேலை பார்த்த காலமெல்லாம் தில்லையம்பலத்தை ஊரார் 'தபால்காரத் தில்லை' என்றுதான் சொன்னார்கள். ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைகளில் விடிய எழும்பி, கென்ட் பக்கம் வெள்ளைக்காரர்களின் வேட்டைக்குப் போகத் தொடங்கினார். கொண்டுவந்த பறவைகளைப் பதப்படுத்தி விற்க ஆரம்பித்ததும் 'வேட்டைக்காரத் தில்லையண்ணை' ஆகிவிட்டார். கோயில் வரிசையில்கூட வழிவிட்டார்கள். அந்தப் பெயருக்காக அவர் எந்தச் சேற்றிலும் இறங்கத் தயார்.

அந்தப் பெயரை மரியாதையோடு சொல்லாத ஒரே ஆள் மனைவி பாலாம்பிகை.

"இஞ்சருங்கோ, நாளைக்குத் திருவெம்பாவை தொடங்குது," என்றபடி அவர் தேநீர்த் தட்டோடு கராஜுக்குள் வந்தார். "இண்டைக்குள்ள இந்த மச்சம் மாமிசமெல்லாம் வீட்டை விட்டுப் போகவேணும். இல்லாட்டி வேட்டைக்காரரையும் சேர்த்து வெளியில விடுவன். இந்தத் தடியையும் எறியுங்கோ. நுனியில உரப்பையைக் கட்டி வைச்சு, இதென்ன கோலம்?"

சுவரில் சாத்தியிருந்த தடியைத் தில்லையம்பலம் அவசரமாக ப்ரீசருக்குப் பின்னால் தள்ளினார். "அது காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பாக்கிறதுக்கு. உமக்கு விளங்காது."

"ஒவ்வொரு சனிக்கிழமையும் தொண்டை அடைக்கிறதும் எனக்கு விளங்கேல்லைத்தான்."

"பனி, பனி!"

பத்ரிநாராயணன் இடையில் புகுந்தான். "எனக்கு ஆறு வேணும், சார். ஆனா இறகு பிடுங்காததுதான் வேணும்."

தில்லையம்பலத்துக்குத் தலைகால் புரியவில்லை. இறகு பிடுங்க மாட்டேன் என்று பாலாம்பிகை கைவிரித்த நாளிலிருந்து முழுசாகப் பையில் போட்டவைதான் ப்ரீசரின் அடியில் விலைபோகாமல் கிடந்தன. வாரி வெளியே எடுத்து அடுக்கினார்.

"ஐஸ் முழுசா இறங்க எவ்வளவு நேரமாகும், சார்? வீட்டுக்குள்ள கொண்டுபோறப்போ உறைஞ்ச மாதிரி இருக்கக் கூடாது."

தில்லையம்பலத்தின் கண்கள் சுருங்கின. "தம்பி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. சுடப் போய் ஒண்டும் விழேல்லையோ?"

பத்ரிநாராயணன் நெளிந்தான். "போன சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் கென்ட் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க, சார். எதிர்ப்பக்கப் புதருக்குள்ள கூலி ஆளுங்க கொடியை ஆட்டி, கத்தி, பறவைங்களை நேரா எங்க தலைக்கு மேலேயே விரட்டி விட்டாங்க. அப்படியும் ஒரு இறகுகூட விழல. கடைசியில சுட்டவங்க, விரட்டினவங்க எல்லாருக்கும் சும்மாவே ரெண்டு ரெண்டு கொடுத்தாங்க. வெட்கத்துல நான் வாங்கல."

"பிறகென்ன?"

"மாமனார் மிலிட்டரிக்காரர். 'என்ன மாப்ளே, எத்தனை?'ன்னார். ஆறு, அங்கேயே தொங்க விட்டிருக்கேன், அடுத்த வாரம் கொண்டு வரேன்னு வாய்விட்டுட்டேன்."

தில்லையம்பலம் ப்ரீசர் மூடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஐயோ தம்பி! தலைக்கு மேல வந்ததையும் விட்டுட்டீங்களே! நானெண்டால்..."

பாலாம்பிகைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தவர், கணவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் இத்தனை நாளும் இல்லாத ஒரு மரியாதை இருந்தது.

"பாவம் அந்தப் பிள்ளை. எங்கட வேட்டைக்காரர் ஒருக்காச் செய்து காட்டலாமே?"

எங்கட வேட்டைக்காரர்! தில்லையம்பலத்துக்கு மார்பு விம்மியது. குளிருக்காகப் போட்டிருந்த இரண்டு ஜாக்கெட்டுகளின் கனமும் தெரியவில்லை.

மூலையில் கிடந்த குடையைச் சுடுகிற துவக்குப் போலத் தூக்கினார். அது எந்தத் தோளில் இருக்க வேண்டும் என்று ஒரு கணம் தடுமாறி, கீழே வைத்தார்.

"சுடுறது சின்ன வேலை, தம்பி. எந்த விசரனும் சுடுவான். பறவை பற்றைக்குள்ள பதுங்கிக்கொண்டு கிடக்கும். அதை எழுப்புறதிலதான் கலை இருக்கு. பாருங்கோ!"

ப்ரீசருக்குப் பின்னால் போன தடி தானாகவே கைக்கு வந்தது. முழங்காலை உயர்த்தி உயர்த்தி, முள்ளுக்குள் நடப்பதுபோல நடந்தார். உரப்பை படபடவென்று அடித்தது.

"எழும்புங்கோடா! ஓய்... ஓய்... எழும்பி ஓடுங்கோடா! ப்ர்ர்ர்ர்!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பாலாம்பிகை கைதட்டினார். மூச்சு வாங்கியபடி தில்லையம்பலம் பெருமையோடு திரும்பினார்.

பத்ரிநாராயணனின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றிருந்தது. அவன் தடியைப் பார்த்தான். அதன் நுனியில் ஆடிய பையைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"சார்... அன்னைக்குப் புதருக்குள்ள கொடியோட தமிழ்ல கத்திக்கிட்டு வந்தது நீங்கதானா?"