பங்கு வைத்த கால்சட்டை

"என் கால்சட்டை எங்கடி?"

மம்பெதாலி கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுவீட்டில் நின்று கத்தினார். வயது எழுபத்தொன்பது. குரலுக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

மதியம் கோக்-போரு. குதிரை மேலிருந்தபடி ஆட்டு உடலைப் பறித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். விலா எலும்பு முறியாமல் வீடு திரும்பினால் அதிர்ஷ்டம். போன மாதம் ஒரு விருந்தில், குதிரைப் பாலைப் புளிக்க வைத்த குமிஸ் என்ற போதைப் பானம் கொஞ்சம் அதிகமாக உள்ளே போய்விட்டது. இந்தக் காலத்துப் பயல்களுக்குக் குதிரை மேல் உட்காரவே தெரியவில்லை, நானே களத்தில் இறங்கிக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டுவிட்டார். கீழ்த்தெரு காதிர் சும்மா விடுவானா? ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். இனி பின்வாங்கினால் ஆயுசுக்கும் கேலிதான்.

அவர் மனைவி சைரா அடுப்படியிலிருந்து வந்தாள். "உங்க மருமகளைக் கேளுங்க. பழசை வெட்டிப் புதுசாத் தைக்கிறேன்னு அலையறா. என் பாவாடை நேத்தே மெத்தை உறையாப் போச்சு."

மருமகள் மீரிம் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். பழந்துணியில் அவள் தைக்கும் கோட்டுகளுக்கு தலைநகர் பிஷ்கெக்கின் கடைகளில் நல்ல கிராக்கி. அதற்காக மாமனாரின் அலமாரியையே காலி செய்வதா?

"எல்லாத்தையும் வெட்டிட்டேன் மாமா," என்றாள் தரையைப் பார்த்து. "சட்டை, அங்கி, கால்சட்டை, எல்லாம். மிஞ்சின துண்டைத் தெருவுல கொடுத்துட்டேன்."

மம்பெதாலி மகனின் கால்சட்டையை மாட்டிப் பார்த்தார். முட்டிக்கு மேல் ஏறவில்லை. சைரா தன் பாவாடை ஒன்றை நீட்டினாள். அவர் பார்த்த பார்வையில் அதை உடனே மடித்து வைத்தாள்.

அப்போது வாசலில் ஓலம் கேட்டது.

"ஐயோ, என் ஈரக்குலையே... போயிட்டியே அண்ணா..."

காதிர்தான். பின்னால் பாதி ஊர். ஆளுக்கொரு கையில் மம்பெதாலியின் துணித் துண்டு.

சைரா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஊரில் நீண்ட ஆயுசோடு வாழ்ந்தவர் செத்துப்போனால்தான் வீடு வீடாகத் துணித் துண்டு பங்கு வைப்பார்கள், வாங்குகிறவருக்கும் அந்த ஆயுசு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. மருமகள் பாட்டுக்குத் துண்டை நீட்டினால் தெரு வேறென்ன நினைக்கும்?

"போய் உயிரோட இருக்கேன்னு சொல்லுங்க," என்று கணவரைத் தள்ளினாள்.

"இந்தக் கோலத்துலயா? பொம்பளைங்க நிக்கறாங்க," என்று அவர் கம்பளியை இறுக்கிக்கொண்டார்.

வெளியே காதிர் தேம்பித் தேம்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். "இன்னிக்கு ஆட்டம் கிடையாது. அண்ணன் இல்லாத மைதானத்துல எவன் குதிரை ஏறுவான்? எல்லாக் குதிரையையும் மலைக்கு ஓட்டியாச்சு."

அவ்வளவுதான். கம்பளியோடு வாசலுக்குப் பாய்ந்தார் மம்பெதாலி.

"யார்டா செத்தது? ஆட்டத்தைக் கெடுத்துட்டீங்களேடா பாவிங்களா. இன்னிக்கு ஒருத்தனையும் விட்டிருக்க மாட்டேனே."

அழுத வாய்கள் அப்படியே நின்றன. காதிர் நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டான். சிங்கத்தைக் கூண்டில் அடைத்துவிட்டோமே என்று ஊரே வருத்தப்பட்டுக் கலைந்தது. அவர் திட்டிக்கொண்டே உள்ளே போய், நிம்மதியாக இரண்டு கிண்ணம் தேநீர் குடித்துவிட்டுத் தூங்கினார்.

சைரா மருமகளைப் பிடித்துக்கொண்டாள். ஊர் சிரிக்க வைத்தாயே, கேட்காமல் எடுப்பது திருட்டில்லையா, உன் அம்மா இதைத்தான் சொல்லிக் கொடுத்தாளா என்று பொரிந்து தள்ளினாள். அம்மாவை இழுத்ததும் மீரிமுக்குப் பொறுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"நான் எடுக்கல அத்தை. காலையில மாமாதான் துணி மூட்டையைக் கொண்டாந்து கொடுத்தாரு. மறுபடி ஒட்டுப் போடவே முடியாதபடி வெட்டும்மா, முதல் துண்டைக் காதிர் வீட்டுல கொடுத்துடுன்னாரு."