பாதிக் குளிசை

செட்டிகுளத்தில், சிறுநீரக நோய்க்கான புதுக் குளிசையைப் பரிசோதிக்கும் அறைக்குள் வெயில் சன்னல் கம்பிகளோடு சாய்ந்து கிடக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர் யதுர்ஷிகாவின் முகம் வாடுகிறது. "உங்களுக்கு மருந்து கேக்கவேயில்லை, அம்மா. இப்பிடியே போனா ஆராய்ச்சியை நிப்பாட்டிப் போடுவினம். ஒழுங்காப் போடுறனீங்கள்தானே?" எதிரே இருக்கும் றாபியாவின் விரல்கள் முக்காட்டு நுனியைத் திருகுகின்றன. வெளியே வேம்பின் கீழ் இலட்சுமி காத்திருக்கிறாள்; அதே நோய், அடுத்த வீடு, ஆராய்ச்சிக்கு மட்டும் அவளை எடுக்கவில்லை. றாபியாவின் ஒவ்வொரு குளிசையிலும் பாதி அவளுக்குத்தான் போகிறது. வீக்கம் சற்றே வற்றிய கால்களை ஆட்டியபடி, "என்னடி, உள்ளுக்கயே குடியிருக்கப் போறியோ?" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறாள். றாபியா சன்னலிலிருந்து பார்வையை எடுக்கிறாள். "ஓம் பிள்ளை, ஒண்டும் விடாமல் போடுறன்." "அப்ப பிழை மருந்திலதான்" என்று பெருமூச்சோடு டொக்டர் புதுப் போத்தலை நீட்டுகிறாள். அவள் முகத்தை நிமிர்ந்து பாராமலே றாபியா அதை வாங்கிக்கொள்கிறாள்.